தழைச்சத்து ஒன்று, உருவம் மூன்று

பயிர்ப் பருவம் தொடங்கியதும் நம் சங்கப் பண்டகசாலைகளில் மிகுதியாகக் கேட்கப்படும் பொருள் யூரியா. அதற்கு எழும் மறுகேள்வி, "எத்தனை மூட்டை?" என்பது. இவ்விரண்டு சொற்களுக்குள் நம் உரப் பேச்சு முழுவதும் அடங்கிவிடுகிறது. எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்கு, எந்த நாளில், எந்த உருவத்தில் என்னும் கேள்விகள் கேட்பாரும் இன்றிச் சொல்வாரும் இன்றிப் போகின்றன. இவ்வழக்கத்தைக் கூட்டுறவுச் சங்கங்கள் மாற்ற வேண்டும் என்பதும், மாற்றினால் அங்கத்தினரின் பணமும் நிலமும் கிணற்று நீரும் ஒருங்கே காப்பாற்றப்படும் என்பதும் எமது கருத்து.

நெசவாள அன்பர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். நூல் வாங்கச் செல்லும் நெசவாளர் எவரும் "நூல் வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிற்பதில்லை. என்ன நம்பர், பாவுக்கா ஊடைக்கா, சிட்டமா கோனா என்பவற்றையெல்லாம் தெளிவாகச் சொல்லியே வாங்குகிறார். 40ஆம் நம்பர் நூல் ஓட வேண்டிய தறியில் 80ஆம் நம்பர் நூலை ஓட்டினால் துணி என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும். எடை ஒன்றாயிருப்பதனால் நூல் ஒன்றாகிவிடாது. தழைச்சத்தின் நிலையும் இதுவே.

மூட்டையில் இருப்பது என்ன?

நாம் வாங்கும் இரசாயன உரங்களில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மூன்று உருவங்களில் இருக்கிறது. முதலாவது அமைடு உருவம். யூரியா இவ்வகையைச் சேர்ந்தது. இதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. இரண்டாவது அம்மோனியம் உருவம். அம்மோனியம் சல்பேட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 20½ பங்கு தழைச்சத்து இவ்வுருவில் உள்ளது. கூடவே கந்தகமும் உண்டு. டி.ஏ.பி. உரத்தில் உள்ள 18 பங்கும் அம்மோனியமே. மூன்றாவது நைட்ரேட் உருவம். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்னும் உரத்தில் தழைச்சத்தின் ஒரு பாதி அம்மோனியமாகவும் மற்றொரு பாதி நைட்ரேட்டாகவும் அமைந்திருக்கிறது.

ஆகவே 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்க, 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டையில் 10 கிலோவுக்குச் சற்று மேலாகவே இருக்கிறது. மூட்டைக் கணக்கில் உரம் வாங்குவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இவ்வொரு கணக்கே போதும்.

அளவினும் முக்கியமானது குணம். அம்மோனியம் நேர் மின்னேற்றம் உடையது. களிமண்ணும் மட்கும் எதிர் மின்னேற்றம் உடையவை. ஆதலால் மண் அம்மோனியத்தைப் பற்றி நிறுத்திக்கொள்கிறது. நைட்ரேட்டோ எதிர் மின்னேற்றம் உடையது. மண் அதனைப் பற்றுவதில்லை. நீர் போகும் வழியே அதுவும் போகும். யூரியாவுக்கு மின்னேற்றமே இல்லை. அதுவும் நீரோடு நகரக்கூடியதே. ஆனால் நெடுநாள் யூரியாவாக இருப்பதில்லை. மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி, நம் நாட்டு வெப்பத்தில், சில நாட்களுக்குள் அதனை அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. இந்த நொதியைத்தான் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் சம்னர் 1926இல் வாளவரை இனத்துக் கொட்டை ஒன்றிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதி ஒன்று படிகமாக்கப்பட்டது அதுவே முதல் முறை.

மாற்றம் அத்துடன் நிற்பதில்லை. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்க, வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக்குகின்றன. இம்மாற்றம் உயிர்களின் வேலை என்பதைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகியோர் 1877இல் மெய்ப்பித்தனர். மணலின் வழியே கழிவு நீரைச் செலுத்தியபோது அதிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் ஆயிற்று. மணலில் குளோரோபாம் ஆவியைப் புகுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. அந்நுண்ணுயிர்களை விநோகிராட்ஸ்கி 1890இல் தனியே பிரித்துக் காட்டினார். அவற்றுக்குக் காற்று இன்றியமையாதது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நெல்லுக்கும் பருத்திக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

வேர் ஏற்கும் விதம்

அம்மோனியத்திற்கும் நைட்ரேட்டிற்கும் வேரில் தனித்தனி வாயில்கள் உள்ளன. வேர் உயிரணுக்களின் சவ்வில் அமைந்த தனிப் புரதங்களே அவ்வாயில்கள். யூரியாவை அப்படியே ஏற்கும் வாயிலும் உண்டு. எனினும் மண்ணில் யூரியா விரைவில் மாறிவிடுவதால் வேர் அதிலிருந்து பெறுவது சிறிதே. இலை மீது தெளிக்கும்போது மட்டும் யூரியா நேராக உள்ளே சென்று பயன்படுகிறது.

உள்ளே சென்றபின் இரண்டின் கதையும் வேறு. பயிர் புரதம் செய்வதற்கு அம்மோனியமே வேண்டும். ஆகவே அம்மோனியமாக நுழைந்த சத்து, இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையோடு சேர்ந்து வேரிலேயே பெரும்பாலும் அமினோ அமிலம் ஆகிவிடுகிறது. அதனை அப்படியே தேக்கி வைக்கப் பயிரால் இயலாது. மிகுந்து தேங்கினால் வேர் குன்றும். நைட்ரேட்டைப் பயிர் தேக்கி வைக்கலாம்; தண்டின் வழியே இலைக்கும் அனுப்பலாம். ஆனால் அதனை மறுபடியும் அம்மோனியமாக்கினால்தான் புரதம் கிடைக்கும். அவ்வேலைக்கு மாலிப்டினம் அடங்கிய ஒரு நொதியும், இலை வெயிலில் ஈட்டிய ஆற்றலில் ஒரு பகுதியும் செலவாகின்றன. அம்மோனியம் வடித்த சோறு போன்றது; உடனே உண்ண வேண்டும். நைட்ரேட் குதிரில் இட்ட நெல் போன்றது. இருப்பு வைக்கலாம், ஆனால் குத்திப் புடைத்து உலையேற்றும் செலவு உண்டு. பெரும்பாலான பயிர்கள் இரண்டும் கலந்து கிடைக்கும்போதே செழித்து வளர்கின்றன.

வேரைச் சுற்றியுள்ள மண்ணும் இதனால் மாறுகிறது. அம்மோனியத்தை ஏற்கும் வேர் அமிலத்தை வெளிவிடுகிறது. நைட்ரேட்டை ஏற்கும் வேர் அதற்கு மாறாகச் சுற்றிலும் காரத் தன்மையைச் சற்று உயர்த்துகிறது. மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாகும்போதும் அமிலம் பிறக்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனையில், ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்திகள் கடும் அமில நிலமாகி, பலவகைப் புற்பூண்டுகள் மறைந்து சிலவே எஞ்சின. சோடியம் நைட்ரேட் பெற்ற பாத்திகளுக்கு அக்கேடு நேரவில்லை. ஆயினும் ஓரிடத்துக் கேடு மற்றோரிடத்து நலமாகலாம். சுண்ணாம்பு மிகுந்த நம் கரிசல் நிலங்களில், வேரருகே பிறக்கும் சிறிது அமிலம் மணிச்சத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பயிருக்கு எட்டச் செய்கிறது. நீலகிரியின் தேயிலைச் செடியோ அமில மண்ணையும் அம்மோனியத்தையும் விரும்பும் இயல்புடையது.

நெல் வயலில் நேரும் இழப்பு

நீர் கட்டிய நெல் வயலில் மேலே ஒரு மெல்லிய படலத்திற்கு மட்டுமே காற்று எட்டுகிறது. அதன் கீழுள்ள சேறு காற்றற்றது. அங்கு அம்மோனியம் மாறாமல் நிலைத்திருக்கும். நெல்லின் வேரும் அதனை ஏற்கும் இயல்புடையது. நீர் நின்ற வயலில் நெல்லுக்கு நைட்ரேட்டினும் அம்மோனியமே ஏற்றது என்பதை ஹவாய்த் தீவில் கெல்லி என்னும் அறிஞர் 1911இல் எடுத்துரைத்தார். நம் கோயம்புத்தூரிலேயே ஹாரிசனும் சுப்பிரமணிய ஐயரும் சேற்று வயலிலிருந்து எழும் வாயுக்களை ஆராய்ந்து 1913 முதல் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளியிட்டனர் என்பது தமிழ்நாட்டு வேளாண்மைக்குப் பெருமை தருவது.

அக்காற்றற்ற சேற்றில் நைட்ரேட் சேர்ந்தால் நிகழ்வது என்ன? அங்கு வாழும் நுண்ணுயிர்கள் காற்று இல்லாத குறைக்கு நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. எஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி வானில் கலக்கிறது. மேலே தூவிய அம்மோனியமும் யூரியாவும் இவ்வாபத்துக்குத் தப்புவதில்லை. மேற்படலத்தில் அவை நைட்ரேட்டாகி, கீழே இறங்கி, வாயுவாகி மறைகின்றன. ஜப்பானில் ஷியோயிரி என்னும் மண்ணியல் அறிஞர் 1930களிலும் 1940களிலும் இதனை விளக்கி, அம்மோனியம் உரத்தை மேலே தூவாமல் சேற்றின் ஆழத்தில் சேர்க்க வேண்டும் என்று காட்டினார்.

இன்னுமொரு கசிவும் உண்டு. தேங்கிய நீரில் உள்ள பாசி, பகலில் நீரில் கரைந்த கரியமில வாயுவை உட்கொள்வதால், நண்பகலில் நீரின் காரத் தன்மை ஏறுகிறது. அப்போது நீரில் உள்ள அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகிறது. இவ்விருவழி இழப்பினால், நீரின் மேல் தூவிய யூரியாவில் பயிர் அடைவது பல வயல்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. மற்றதற்கும் குடியானவர் விலை கொடுத்திருக்கிறார். தூவக் கூலி கொடுத்திருக்கிறார். விழலுக்கு இறைத்த நீராவது விழலை வளர்க்கும். இதுவோ காற்றில் போகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நடவுக்கு முன் இடும் பங்கைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். மேலுரம் இடும் நாளில் தேங்கிய நீரை வடித்து, மெல்லிய ஈரம் மட்டும் இருக்கையில் இட்டு, பின்னர் நீர் கட்ட வேண்டும். யூரியாவும் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5:4:1 என்ற எடை விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்பட்ட முறை. வேம்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கிறது. நாட்டில் விற்கும் மானிய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு 2015இல் கட்டாயமாக்கப்பட்டதும் இவ்வாராய்ச்சியின் பயனே. ஆயினும் பூச்சு இருக்கிறதே என்று நீர் நிறைந்த வயலில் ஒரே நாளில் கொட்டிவிடலாகாது. நைட்ரேட்டாவதை வேம்பு தாமதப்படுத்துமேயன்றி, அம்மோனியா பறப்பதைத் தடுக்காது.

பருத்திக் கொல்லையும் தறியும்

பருத்தி நிலம் காற்றோட்டமுடையது. அங்கு நாம் யூரியா இட்டாலும் அம்மோனியம் சல்பேட் இட்டாலும், ஈரமுள்ள வெதுவெதுப்பான மண்ணில் சில வாரங்களுக்குள் பெரும்பகுதி நைட்ரேட்டாகிவிடும். பருத்தி வேர் காண்பது பெரும்பாலும் நைட்ரேட்டையே. ஆகவே அங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யூரியாவை வறண்ட தரையின் மேல் மூடாமல் விடுதல் கூடாது. கார நிலத்தில் அது அம்மோனியாவாய்ப் பறக்கும். செடியின் ஓரமாக இட்டு, மண் அணைத்து, அளவோடு நீர் பாய்ச்ச வேண்டும். மற்றொன்று, மொத்தமாக இட்டால் ஒரு பெருமழையில் நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும். எனவே பிரித்து இடுதல் வேண்டும்.

காலம் கடந்து மிகுதியாக இட்ட தழைச்சத்து பருத்திக்கு இழப்பு மட்டுமன்று, தீங்குமாகும். செடி இலை தழைத்து, காய் முற்றவும் வெடிக்கவும் தாமதிக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகும். முற்றாத காயின் இழை மெலிந்து, எளிதில் சிக்கலாகி, நூலில் சிறு முடிச்சாய் நிற்கும். அம்முடிச்சுகள் சாயத்தைச் சரிவர ஏற்பதில்லை. சாயமிட்ட துணியில் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். கொல்லையில் செய்த பிழை தறியில் தெரிகிறது. பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே இதழை வாசிப்பதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

கிணற்று நீரின் நிலை

வேருக்குக் கீழே இறங்கிய நைட்ரேட் எங்கே போகிறது? நிலத்தடி நீருக்கே. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் நீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது. அதனினும் மிக்க நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டுவதால் இன்னும் செறியும். உரம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. எருக்குழியும் கழிவுக்குழியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. எனினும் நம் கையில் உள்ளதை நாம் முதலில் செம்மை செய்ய வேண்டும். உழுவோர் வீடும் நெய்வோர் வீடும் ஒரே நிலத்தடி நீரைத்தான் இறைக்கின்றன. வானில் கலக்கும் பகுதியிலும் தீங்கு உண்டு. நைட்ரேட் வாயுவாகும்போது உடன் பிறக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, உலகைச் சூடேற்றுவதில், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு வலியது.

இரசாயன உரத்தை அறவே விலக்கிவிடலாமே என்று சில அன்பர்கள் கேட்கலாம். தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் தொழுவுரமும் நிலத்திற்கு மட்கு சேர்ப்பன. அவற்றை நாம் போற்றுகிறோம். ஆயினும் அவற்றில் உள்ள தழைச்சத்தும் நுண்ணுயிர்களால் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறிய பின்னரே பெரும்பாலும் வேருக்குப் பயன்படுகிறது. வந்த வழியை வேர் வினவுவதில்லை. பசுந்தாள் உரம் மெல்ல மெல்லத் தருகிறது என்பதே அதன் சிறப்பு. அது மடக்கி உழுத வயலில் மூட்டை உரத்தைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. இரண்டையும் முழு அளவில் இடுவது வீண்.

சங்கங்களின் கடமை

இவையெல்லாம் அறிந்த பின்னும் யூரியா ஒன்றே ஏன் கொட்டப்படுகிறது? விலையே முதற் காரணம். 45 கிலோ மூட்டையின் விலை, பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என 2018இல் வகுக்கப்பட்டது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு 2010 முதல் வேறு வகையான மானிய முறை வந்து, அவற்றின் விலை ஏறியது. யூரியா விலையோ கட்டுக்குள் நின்றது. மலிவான பொருள் மிகையாகச் செலவாவது உலக இயல்பு. இரண்டாவது காரணம் நம்மிடமே இருக்கிறது. விற்ற மூட்டைகளின் எண்ணிக்கையால் சங்கத்தின் வரவு பெருகுகிறது. ஆகவே குறைவாக வாங்குங்கள் என்று சொல்லும் ஆர்வம் பண்டகசாலையில் இயல்பாக எழுவதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு உண்டு. முதலாவதாக, விற்பனைச் சீட்டில் மூட்டைக் கணக்கோடு, அதில் அடங்கிய தழைச்சத்து எத்தனை கிலோ, எந்த உருவம் என்பதையும் எழுதித் தருதல் வேண்டும். இரண்டாவதாக, யூரியா ஒன்றோடு நில்லாமல், கந்தகம் குன்றிய நிலங்களுக்கும் கார நிலங்களுக்கும் அம்மோனியம் சல்பேட்டையும், புஞ்சைப் பயிர்களுக்கு நைட்ரேட் கலந்த உரத்தையும் தேவைக்கேற்பச் சிறிது இருப்பு வைத்தல் வேண்டும். நைட்ரேட் உரத்தை நெல்லின் அடியுரமாகக் கேட்பவருக்கு அது தகாது என எடுத்துச் சொல்லுதலும் வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு சிற்றூருக்கும் சில இலை வண்ண அட்டைகள் இருக்கும்படி செய்தல் வேண்டும். நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, நன்கு விரிந்த இளைய இலையை, பார்ப்பவர் தம் உடல் நிழலில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஐந்துக்கு மேல் குறித்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் மேலுரம் இடலாம், இல்லையேல் காத்திருக்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்களுக்குப் பெரும்பாலும் 4 என்பது தமிழ்நாட்டில் கொண்ட அளவு. படிப்பறிவு குறைந்தவரும் ஒரு நாளில் கற்கத்தக்க கலை இது.

நான்காவதே மிக முக்கியமானது. உரத்தைத் தவணையாக வழங்க வேண்டும். நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு சம பங்காகத் தழைச்சத்தை இடுக என்று பரிந்துரை இருக்க, கடனோடு சேர்த்து உரம் முழுவதையும் ஒரே நாளில் ஏற்றி அனுப்புவது முறையன்று. பிறகு கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தாலேயே அங்கத்தினர் முன்கூட்டி வாங்கிச் சேர்க்கின்றனர். சேர்த்ததை வீட்டில் வைக்க இடமின்றி, அல்லது கட்டி தட்டிவிடுமென்று அஞ்சி, ஒருங்கே கொட்டிவிடுகின்றனர். இரண்டாம் தவணை உரிய நாளில் உறுதியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையைச் சங்கம் ஊட்டுமானால் அவ்வச்சம் தானே அகலும். தனி வியாபாரி தர இயலாத அந்த உறுதியைத் தருவதற்காக அன்றோ கூட்டுறவு தோன்றியது!

கூலியாள் கிடைப்பது அரிது, நான்கு முறை தூவக் கட்டுப்படியாகாது என்ற மறுப்பு நியாயமானதே. அதனை நாம் புறக்கணிக்கவில்லை. நான்கு முறை இயலாதவர் மூன்று முறையேனும் இடலாம். அண்டை வயல்காரர் ஒன்றுகூடி ஒரே நாளில் ஆள் அமர்த்தலாம். சங்கமே பயிற்சி பெற்ற சிலரைக் கொண்டு இவ்வேலையை வாடகைக்குச் செய்து தரலாம். விற்பனை குறைந்தால் சங்க வரவு குறையுமே என்பாருக்கு ஒன்று கூறுவோம். அங்கத்தினர் கையில் மிஞ்சும் பணம் தவணை தவறாத கடன் வசூலாகவும் வைப்புத் தொகையாகவும் சங்கத்துக்கே திரும்பி வரும். காற்றில் போன தழைச்சத்து எவருக்கும் திரும்புவதில்லை.

அடுத்த பொதுக்குழுவுக்குச் செல்லும் அங்கத்தினர்கள் இந்நான்கையும் தீர்மானமாகக் கொண்டு செல்ல வேண்டுகிறோம். ஒரு பருவத்திற்கு, ஒரு வருவாய்க் கிராமத்தில் மட்டும் தவணை முறையைச் சோதித்துப் பார்க்கலாம். எத்தனை மூட்டை குறைந்தது, விளைச்சல் குறைந்ததா, கூடியதா என்பதைக் கணக்கெழுதி வைக்கலாம். அக்கணக்கை இவ்விதழுக்கு அனுப்பும் சங்கங்களின் அனுபவத்தை மற்றச் சங்கங்களும் அறியும்படி வெளியிட நாம் காத்திருக்கிறோம்.